தம்பி கல்யாணத்தில் தூங்கியவள்

எங்கள் சொந்தத்தில் அம்மாவை யாருக்காவது அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் பெயரும் ஊரும் தேவையில்லை. "தம்பி கல்யாணத்துல தூங்கிட்டாங்களே, அவங்க" என்றால் போதும். தர்மபுரிப் பக்கத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் எதிர் வரிசையிலிருந்து தலையை நீட்டி, "என்னாக்கா, இன்னிக்காவது முழிச்சிருந்தீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே சோற்றில் ரசத்துக்குக் குழி பறிப்பாள். தூக்கத்தைப் பற்றி அவ்வளவு அறிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவ்வளவு குறைவாகத் தூங்கியவரையும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

எங்கள் வீடு புனேயில், கோர்படி ரயில்வே காலனியில் இருந்தது. அப்பா சரக்கு ரயில் ஓட்டினார். சரக்கு ரயிலுக்கு நேரம் காலம் கிடையாது என்பதால் அப்பாவின் தூக்கத்துக்கும் கிடையாது. உலகமே பரபரப்பாக இருக்கும் காலை பதினொரு மணிக்கு வந்து படுப்பார். அந்தத் தூக்கத்துக்கு அம்மா காவல். ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கும். விசில் அடிக்கும் என்று குக்கர் வைக்க மாட்டாள். சோறு அன்றைக்குப் பானையில்தான். காய்கறி விற்கும் பாஜிவாலா எங்கள் வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு விரலால் வெந்தயக்கீரையைக் காட்டுவார். அம்மாவும் விரலாலேயே பேரம் பேசி, விரலாலேயே கொசுறுக் கொத்தமல்லியும் வாங்கிவிடுவாள். நானோ வெளியில் மராத்தியில் சண்டை போட்டுவிட்டு, உள்ளே வந்து சத்தமில்லாமல் தமிழில் அழப் பழகியிருந்தேன்.

அப்பாவை வேலைக்கு அழைக்க ஒருவர் சைக்கிளில் வருவார். அவரைக் 'கால்பாய்' என்பார்கள், ஆங்கிலத்தில் கூப்பிடுகிற பையன். நரைத்த மீசையும் ஐம்பது தாண்டிய வயதுமாக இருந்தவர் காலனி முழுவதுக்கும் பாயாகவே இருந்தார். கையில் நீளமாக ஒரு நோட்டு வைத்திருப்பார். அதுதான் கால் புக். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது என்று எழுதி அப்பா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ரயிலுக்குச் சொந்தம்.

அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. பாதியில் கலைந்த தூக்கம் கணக்கில் சேராது, முதலிலிருந்து தூங்க வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டில் சுவரை இடித்து அப்பாவின் தூக்கம் கெட்டுப்போனது. அன்று கால்பாய் வந்து நின்றபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "இன்னும் தூங்கி முடியல, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினாள் என்று காலனியில் ஒரு கதை உண்டு. அப்பா உள்ளே கூச்சத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாராம். எனக்கு என்னவோ அந்தக் கால்பாய் மீதுதான் ஆசை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு நானே ஒரு கால் புக் தயாரித்து, காலனியில் கண்டவரிடமெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரிந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவின் ஒரே தம்பி. அவர் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு மட்டும்தான் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி, பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று பெயர். அம்மா ஒரு மாதம் முன்பிருந்தே மஞ்சள் நூலைப் பித்தளைக் குடத்தின் கழுத்தில் சுற்றி, முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கை நடுங்கி முடிச்சு நழுவிவிடக்கூடாதாம். அவள் முடிச்சுப் போடும்போது பக்கத்தில் விளக்குப் பிடிப்பது என் பொறுப்பு. நானும் திரி போடாத காமாட்சி விளக்கைப் பிடித்துக்கொண்டு குடத்துக்குப் பின்னால் மாதம் முழுவதும் நின்றேன். பச்சைப் பட்டுப்பாவாடை தைத்து வந்திருந்தது. அந்தக் கல்யாணத்தில் மாமாவுக்கும் மணப்பெண்ணுக்கும் அடுத்தபடி முக்கியமானவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரயில்வே குடும்பம் சாலை வழியாகக் கல்யாணத்துக்குப் போனது ஒரு வேடிக்கைதான். எங்களிடம் பாஸ் இருந்தது, படுக்கை கிடைக்கவில்லை. மே மாதத்துக் காத்திருப்புப் பட்டியல் கடைசிவரை நகரவேயில்லை. அப்பாவுக்கு லீவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வேன் பேசினார்கள். அம்மா, நான், அப்பாவின் அக்கா, மூன்று பேர். அத்தை புனேயில் பள்ளி ஆசிரியை. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எங்கே யார் போனாலும் தலைமை தாங்குவதற்கென்று கூட வருவாள்.

வேன் ஓட்டுநர் அடுத்த தெரு மராத்திக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். அம்மாவைத் 'தாயி' என்பார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். கிளம்பும்போது அப்பா டயரைப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பார்க்கவில்லை. "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்றுதான் கேட்டார். எட்டு மணி நேரம் என்றார் அவர். முகத்தைப் பார்த்தாலே உண்மை என்று தெரிந்தது. நான் கால் புக்கை நீட்டினேன். அவரும் சிரிக்காமல் வாங்கி, காலை ஐந்து மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அன்றிரவு பெங்களூரில் அத்தைக்குத் தெரிந்த வீட்டில் எல்லோரும் தூங்குவது, காலையில் நிதானமாகக் கிளம்பி மூன்று மணி நேரத்தில் தர்மபுரி போவது என்று திட்டம். ஞாயிற்றுக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை முகூர்த்தம். ஆனால் பெங்களூருக்கு வெகுதூரம் முன்பே, சிரா என்ற ஊரில், வண்டி கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் பம்பு போய்விட்டது என்றார்கள். நாங்கள் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். அம்மா பூத்திலிருந்து மாமாவுக்குப் போன் செய்தாள். ரிசீவரிலிருந்து மாமாவின் குரல் எனக்கே கேட்டது.

"நீ வராம நான் தாலி கட்ட மாட்டேன்க்கா. பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்குது. நீ பதறாம வா."

விடியற்காலை நாலரைக்கு ஓட்டுநர் கதவைத் தட்டினார். வண்டி தயார். கையெல்லாம் கிரீஸ். "தூங்கினீங்களா?" என்று அம்மா கேட்டாள். "தூங்கினேன் தாயி" என்றார். இருவரும் பேசியது இந்தியில். என் காதில் இன்றைக்கும் தமிழாகத்தான் கேட்கிறது. அவர் தூங்கவில்லை. இரவு முழுவதும் மெக்கானிக்கோடு வண்டிக்கு அடியில் கிடந்திருக்கிறார். இருட்டில் அம்மா அவர் கண்ணைப் பார்க்காமல் வார்த்தையை நம்பிவிட்டாள். தம்பி கல்யாணத்துக்குப் போகிற அக்காவுக்கு அந்த அவசரம்கூட இல்லாவிட்டால் எப்படி?

தும்கூர் வந்தபோது வெளுத்துவிட்டது. கடைத்தெருவில் காய்கறி ஏற்றிய மாட்டு வண்டிகள் குறுக்கே நின்றதால் கொஞ்ச நேரம் நின்றோம். பூக்காரி ஒருத்தி ஓட்டுநரின் ஜன்னல் பக்கம் வந்தாள். நான் அடம் பிடித்து ஒரு முழம் கனகாம்பரம் கேட்டேன். ஓட்டுநர்தான் பூவை வாங்கிப் பின்னால் நீட்டினார். அம்மா என் தலையில் வைத்துவிட்டாள். வண்டி மறுபடி கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். பார்த்தால், ஓட்டுநரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவர் பிடரியைத் தேய்த்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். அத்தை ஏதோ கேட்டதற்கு வெகுநேரம் கழித்து, வேறு எதற்கோ பதில் சொன்னார். அப்புறம் வேனின் இடது சக்கரங்கள் மெதுவாகத் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கின. எதிரே பால்கேன் மாட்டிய சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் சைக்கிளோடு பள்ளத்தில் குதித்தார். அம்மா முன்னால் எம்பி ஓட்டுநரின் தோளை அழுத்திப் பிடித்து, "நிறுத்துங்க" என்றாள். கத்தவில்லை, தூங்குகிற அப்பா பக்கத்து அறையில் இருப்பதைப் போலத்தான் சொன்னாள்.

சாலையோரத்தில் ஒரு புங்கமரமும் டீக்கடையும் இருந்தன. பால்காரர் கன்னடத்தில் எங்கள் வம்சத்தையே திட்டிவிட்டுப் போனார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு, நேராக வந்து வண்டியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல தாயி, ஒரு சாய் அடிச்சாப் போதும்" என்றார் ஓட்டுநர். அம்மா பின் சீட்டைக் காட்டினாள்.

"அண்ணி, ஒன்றரை மணி நேரம் தூங்கட்டும். ஏழரைக்குக் கெளம்புனா பதினொன்றரைக்குப் போயிரலாம்."

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறு. "பன்னெண்டு அடிச்சா எமகண்டம்மா. நடுவுல பெங்களூரத் தாண்டணும். ஒரு டயர் போச்சுன்னா அவ்ளோதான். நான் முன்னாடி உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வர்றேன். மூஞ்சியில தண்ணி அடிச்சுக்கச் சொல்லு."

"பேச்சுக் குடுத்தா பதில் சொல்லிக்கிட்டே தூங்குவாங்க அண்ணி. உங்க தம்பியக் கேட்டுப் பாருங்க."

"உங்கழுத்துல மூணாவது முடிச்சுப் போட்டவ நானு" என்றாள் அத்தை. குரல் இறங்கிவிட்டது. "அது என்னா பாக்கியம்னு எனக்குத் தெரியும். ஒரு டிரைவரு தூங்கணும்னு அத உட்டுருவியா நீ?"

 அம்மா சாவியை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். மாற்றுப் புடவைகளை எடுத்து வேனின் கண்ணாடிகளை மூடினாள். டீக்கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. கடைக்காரரிடம் போய் வேனைக் காட்டினாள், ஸ்டியரிங் சுற்றிக் காட்டினாள், இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அவர் ரேடியோவை அணைத்ததோடு இல்லாமல், கிளாசைச் சத்தம் வராமல் கழுவவும் ஆரம்பித்துவிட்டார். எந்த ஊரிலும் யாரையும் ஒரு நிமிடத்தில் காவலுக்குச் சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அன்று பெருமையாக இல்லை. எரிச்சலாக இருந்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு பச்சைப் பாவாடையை நினைத்தேன். விளக்கை நினைத்தேன். அத்தை அடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "யாராச்சும் எழுப்பினா நல்லாருக்கும்" என்று ஒருமுறை முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே மரத்தில் சாய்ந்து கண்ணசந்தாள். அம்மா என்னை உதட்டில் விரல் வைத்து எச்சரித்துவிட்டு, முகம் கழுவக் கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனாள்.

எனக்குக் கிடைத்தது அந்த ஐந்து நிமிடம்தான். பையிலிருந்து கால் புக்கை எடுத்தேன். அத்தையின் கடிகாரத்தை எட்டிப் பார்த்து, ஆறு நாற்பது என்று எழுதினேன். வேன் கதவைத் திறந்து, எங்கள் காலனி கால்பாய் எப்படித் தொண்டையைச் செருமுவாரோ அப்படிச் செருமி, "தாதா, கால்" என்றேன். அண்ணன்மார்களை அங்கே தாதா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்தார். நான் பேனாவை விரல்களுக்கிடையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். கோட்டில் தொடங்கிய கையெழுத்து பக்கத்தின் ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது.

அவர் இறங்கி நடந்து, முகத்தில் தண்ணீர் சொட்ட வந்துகொண்டிருந்த அம்மாவிடம் கையை நீட்டினார். "சாவி குடுங்க தாயி. கால் வந்திருச்சு, சைன் போட்டுட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். பேச்சுச் சத்தத்தில் அத்தை விழித்துக்கொண்டு, "யாரு எழுப்புனது?" என்றாள்.

"நாந்தான் அண்ணி. டைமத் தப்பாப் பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தைக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு, எந்திரிச்சிட்டான்ல, கெளம்பு கெளம்பு" என்று ஜமக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். அப்போது கிளம்பினால் பதினொரு மணிக்குள் போய்விடலாம். அம்மாவின் கை இடுப்புக்குப் போனது. முந்தானை முடிச்சில் ஒரு சுற்றை அவள் அவிழ்த்தும்விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கும் ஆசைதானே. ஒரு மாதம் குடத்தின் கழுத்தில் பழகியவள்.

அந்தக் கை அப்படியே நின்றது. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, சும்மா கேட்பதைப் போலக் கேட்டாள்.

"பாப்பா தலையில இருக்கற பூவ எங்க வாங்கினோம்?"

அவர் என் தலையைத் திரும்பிப் பார்த்தார். "பூவா? எந்தப் பூ தாயி?"

"சரி, கடைசியாத் தாண்டுன ஊர் எது?"

"சிரா" என்றார் உடனே. "அடுத்தது தும்கூர் வரும். அங்க நின்னு சாய் குடிச்சுக்கலாம்."

ஜமக்காளம் சுருட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தும்கூர்தான் முடிந்துவிட்டதே, இவருக்கு ஊர் பெயர்கூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். வாயைத் திறந்து திருத்தப் போனேன். அதற்குள் அம்மா என் மேல்கையைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. நகம் பதிந்து எரிந்தது. இன்னொரு கையால் முந்தானை முடிச்சை மறுபடி இறுக்கி, "படுங்க" என்றாள் அவரிடம். "முதல்லேர்ந்து. ஒன்றரை மணி நேரம்." அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வேனின் மறுபக்கம் போய் நின்று, காக்கைகளை விரட்ட ஆரம்பித்தாள். அந்த ஒன்றரை மணி நேரமும் அம்மா என் கையை விடவில்லை. வாய் திறந்து திட்டாமல் இப்படித் தண்டிக்கிறாள் என்று எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதேன். அதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே.

எட்டேகாலுக்கு அவர் தானாகவே எழுந்து வந்தார். வேறு ஆள் மாதிரி இருந்தார். என் தலையைப் பார்த்துவிட்டு, "பூ நல்லாருக்கு பாப்பா" என்றார். அதன் பிறகு வண்டி நூல் பிடித்தது போல ஓடியது. ஓசூரில் நிறுத்தி அம்மா மாமா வீட்டுக்குப் போன் செய்தாள். எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விட்ட வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எத்தனை மணிக்கு வருவோம் என்று அத்தை கேட்கவேயில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு மண்டபத்தில் இறங்கினோம். நாதஸ்வரக்காரர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்வரை மாமா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாராம். பிறகு பெரியவர்கள் சத்தம் போட, பெரியப்பா மகள் ஒருத்தி வந்து இரண்டு முடிச்சையும் போட்டிருக்கிறாள். மாமா மாலையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கிட்டே போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவின் சித்தப்பா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க அந்த டிரைவரு? ராத்திரியெல்லாம் எங்க போயி விழுந்து கெடந்தான்?" என்று வாசலுக்குப் பாய்ந்தார். பாஷை தெரியாத ஊரில் அந்த மனிதர் வேனைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா நடுவில் போய் நின்றாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா. எனக்குத்தான் தூக்கம் தாங்கல. வண்டிய நிறுத்தச் சொல்லிப் படுத்துட்டேன்."

 ஒரு கிழவி, "அடிப்பாவி, தம்பி கல்யாணத்துல தூங்கினவ நீ ஒருத்திதாண்டி" என்றாள். யாரோ சிரித்தார்கள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அத்தை கை கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு அங்கிருந்து போய்விட்டாள். எனக்கு அந்தப் பொய் நன்றாகப் புரிந்தது. நானும் அடி விழும் என்றால் இப்படித்தான் எதையாவது சொல்லித் தப்பிப்பேன். அம்மாவும் பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன். பந்தியில் ஓட்டுநர் மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினாள். பிறகு மண்டபத்து மாடியில் அவருக்கு ஒரு பாய் போட்டு, மேளக்காரர்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டாள்.

புனே திரும்பியதும் அத்தை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அப்பாவிடம் கொட்டிவிட்டாள்.  மறுநாள் கால்பாய் வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய அப்பா, கேட் வரை போய் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வேலைக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மாமா இரண்டு வருடம் கடிதம் போடவில்லை. அம்மா மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். குடத்தில் கிடந்த மஞ்சள் நூலை என்றைக்கு அவிழ்த்தாள் என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த வருடம், புனேயை ஒட்டிய பாணேரில் புது அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம், மாமா புனே வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கால் புக், பூ, சிரா, தும்கூரை அவர் தூக்கத்திலேயே ஓட்டிக் கடந்தது, எல்லாம்.  கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் பந்தியில் அந்தப் பெயரைச் சொல்லி முதலில் கேலி செய்பவர் அவர்தான். ஆனால் அவர் வீட்டிலிருந்து யாராவது வண்டியில் கிளம்பினால், வாசலுக்கு வந்து ஓட்டுநரிடம் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்காமல் அனுப்புவதில்லை.

கல்யாணத்தன்று மாலை அம்மா எனக்கு உடை மாற்றிவிட்டாள். கட்டாமலே மடித்து வைத்த பச்சைப் பாவாடை பெட்டியிலேயே இருந்தது. என் மேல்கையில் நான்கு நகத் தடங்கள் சிவந்து கிடந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தேடி எடுத்து வந்து தடவினாள். தடவி முடித்தும் என் கையை விடவில்லை. காலையிலிருந்து மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"நான் எழுப்புனதுக்குத்தான கிள்ளுன?"

"கிள்ளலடி கண்ணு" என்றாள் அம்மா. "புடிச்சுக்கிட்டேன்."

எனக்கு அது சமாதானமாகவே இல்லை. கிள்ளினால் என்ன, பிடித்துக்கொண்டால் என்ன, வலித்தது எனக்குத்தானே என்று கையை உதறிக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.